நமுனுகுலவில் சண்டையே இல்லை

"தேயிலை பறிக்கிறவங்க வீட்டுப் பொண்ணு நிலச் சட்டம் படிச்சு என்ன பண்ணப் போற? உங்க குடும்பத்துக்கு ஒரு சென்ட் பட்டா இருக்கா?" என்று உதகையில் ஒரு மூத்த வழக்கறிஞர் என்னிடம் கேட்டார். அவரிடம் ஜூனியராகச் சேரப் போயிருந்தேன். இல்லை என்றேன். "அப்புறம் உனக்கு எதுக்கும்மா?" என்றார். இல்லாததால்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து, வேறொருவரிடம் சேர்ந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சட்டம் முடித்த முதல் ஆளும் நானே. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா பிறந்தது இலங்கையில், பதுளை மாவட்டத்தில், நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டம். சிறு பையனாக இருக்கும்போது குடும்பத்தோடு கப்பலேறி வந்து கோத்தகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கினார். அவருடைய அக்கா பார்வதி மட்டும் வரவில்லை. அதற்குள் அவருக்குக் கல்யாணமாகியிருந்தது. கணவர் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இந்த அத்தையை நான் போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அந்தத் திரையில்தான் ஒரு நாள் கேட்டார். "மருமகளே, நீ காணி கேசுக்குத்தானே படிச்சிருக்க? பதுளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்களாம். காணியைப் பத்தி யார் வேணும்னாலும் பேசலாமாம். நீ ஒண்ணும் பேச வேணாம். என் பக்கத்துல வந்து நில்லு, போதும்."

விசாரித்தேன். அரசியலமைப்பை மாற்றுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்னால் இருந்த யோசனைகளில் ஒன்று, மாவட்டம்தோறும் தனியாக ஒரு காணி நீதிமன்றம் வைப்பது. இப்போது நிலத் தகராறு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் உறுதியைக் கேட்பார்கள். நாம் பத்திரம் என்பதை அவர்கள் உறுதி என்கிறார்கள். புதிய நீதிமன்றம் உறுதி இல்லாத இடத்தில் நீண்ட நாள் பயன்பாட்டையும் ஊர் வழமையையும் சாட்சியமாக ஏற்கும். தேயிலைத் தோட்ட நிலங்களை அதன் அதிகாரத்துக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது. என் மேற்படிப்புக்கான ஆய்வும் இதை ஒட்டியதுதான். பெட்டியைக் கட்டினேன்.

பதுளை ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மேலே ஏற ஏற எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளிநாடு என்று வந்தால் கோத்தகிரி போலவே இருக்கிறது. அதே சரிவு, அதே சவுக்கு, அதே பச்சை. நம் ஊரில் மலை ரயிலில் ஏறுகிறவர்கள் முக்கால்வாசி சுற்றுலாக்காரர்கள். இங்கே ஒருவர் கோழிக் கூண்டோடு ஏறினார், ஒரு பெண் தையல் மெஷினோடு ஏறினாள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூடையில் வந்த இறால் வடை ஒன்று வாங்கினேன். எதிரில் இருந்த அம்மாள் தன் பொட்டலத்தைப் பிரித்து, பாணும் தேங்காய்ச் சம்பலும் எனக்குக் கொடுத்தார். பாண் என்பது நம்முடைய ரொட்டிதான், ஆனால் மேல் தோல் மொறுமொறுவென்று இருக்கும். சம்பல் நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் பக்கத்திலிருந்தவரும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். மூலையில் இருந்த தமிழாசிரியர் ஒருவர், நான் கேட்காமலே மொழிபெயர்த்தார். "இந்தியாக்காரி மிளகாயை நாமதான் கண்டுபிடிச்சோம்னு நினைச்சிக்கிட்டு இருந்திருப்பா, பாவம்னு சொல்றாங்க." மானத்தைக் காப்பாற்ற இன்னொரு வாய் வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்புத்தளையில் ரயில் நின்றது, நின்றே விட்டது. முன்னால் தண்டவாளத்தில் மண் சரிந்திருக்கிறதாம். மூடுபனி பிளாட்பாரத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் நிற்கிறவரின் செருப்பு தெரிந்தது, முகம் தெரியவில்லை. காத்திருந்த நேரத்தில் குழு வெளியிட்டிருந்த தமிழ் அறிக்கையைப் படித்தேன். இந்த நாட்டில் வழமைச் சட்டங்கள் என்னென்ன என்று அதில் ஒரு பத்தி இருந்தது. கண்டிச் சிங்களவருக்குக் கண்டிச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம். தோட்டத்துத் தமிழர் பற்றி ஒரு வரியும் இல்லை. இத்தனை தலைமுறை ஒரே இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு வழமை என்று ஒன்று உருவாகாமலா இருக்கும் என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

கடைசியில் பஸ்ஸில் ஏற்றினார்கள். ரயில் ஜனம் முழுவதும் ஒரு பஸ்ஸில். நடத்துனர் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி, "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள கல்யாணமே வைக்கலாம்" என்று கத்தினார். என் கால் என்னுடையதா என்று தெரியாமல் பதுளை வந்து சேர்ந்தேன்.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பராட்டா கேட்டேன். என் பேச்சைக் கேட்டதும் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "இந்தியாவா மகள்? எங்க போறீங்க?" நமுனுகுல என்றேன். "தோட்டத்துக்கா? அங்க பாக்க என்ன ஈக்கிது?" அத்தையின் காணி விஷயம் என்றேன். அவர் சிரித்தார். "தோட்டத்து ஆக்களுக்குக் காணியா? எனக்கு இந்தக் கடைக்கு உறுதி ஈக்கிது மகள். அப்படியும் பக்கத்துக் கடைக்காரரோட ஒரு சுவருக்கு வழக்கு. என்ட வாப்பா போட்டது, இன்னும் நடக்குது." சுவரைக் காட்டினார். அதில் இரண்டு பக்கமும் இரண்டு நிறம் பூசியிருந்தார்கள். நான் குடித்த பிளேன்டீக்கு, பால் இல்லாத தேநீர்தான், காசு வாங்கவில்லை.

மறுநாள் காலை தோட்டத்து பஸ். முன்னால் கோவா என்கிற முட்டைக்கோஸ் ஏற்றிய லொறி ஒன்று வளைவில் சிக்கி நின்றதால் பாதி வழி நடை. அத்தை பாதைக்கே வந்து நின்றிருந்தார். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. மேலும் கீழும் பார்த்தார். "எங்க அண்ணன் தம்பி யாருக்கும் இந்த மூக்கு இல்லையே" என்றார். பிறகு என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர் இருப்பது லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல வீடுகள். கோத்தகிரியில் எங்கள் குவார்ட்டர்ஸும் இப்படித்தான், கூரை மட்டும் வேறு. வீடு தோட்டக் கம்பனியுடையது, நிலம் அரசாங்கத்துடையது. வேலையில் பெயர் இருக்கும்வரை குடியிருக்கலாம். மதியம் தடிமனான தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். இந்த முறை கண் கலங்காமல் சாப்பிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாப்பிட்டதும் லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். சரிவில் அகலமான ஒரு மரக்கறித் தோட்டம். நாம் பீன்ஸ் என்கிற போஞ்சிக் கொடி, தக்காளி, கோவா. ஓரத்தில் இடுப்புயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது.

"இந்தக் கல்லெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கிற?" என்றார். "இந்த மண்ணுக்குள்ள இருந்துதான். நான் தோண்டி எடுத்தது. உங்க மாமா பெக்டரியில ராவு வேலை. பகல்ல தூங்குவாரு. கொழுந்து எடுத்துட்டு வந்து, வெளிச்சம் இருக்கிற வரைக்கும் கல்லு எடுப்பேன்."

மாமா போன வருடம் இறந்துவிட்டார். அத்தையும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்னும் யாரும் வரவில்லை. ஒரே மகள் கொழும்பில் கல்யாணமாகி இருக்கிறாள். மாமாவின் தம்பி சுப்பையா அடுத்த வீட்டில் இருக்கிறார், இன்னும் வேலையில் பெயர் உள்ளவர். அவர் தோட்டத்தைக் கேட்டார். கோயில் கமிட்டி கூடி, மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, தோட்டம் சுப்பையாவுக்கு என்று சொல்லிவிட்டது. அடுத்த மழைக்கு முன்னால் அத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கானோரத்தில், அதாவது வடிகால் ஓரத்தில், ஒரு துண்டு மட்டும் அவர் வைத்துக்கொள்ளலாம்.

"இதைத்தான் பதுளையில போய்ச் சொல்லப் போறேன்" என்றார்.

அன்று மாலையே சுப்பையாவைப் பார்த்தேன். வில்லன் ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியான, நிறையச் சிரிக்கிற மனிதர் வந்தார். "வாங்க மருமகளே, வக்கீலம்மா! மதினி என் மேல கேசு போடவா உங்களைக் கப்பல்ல இறக்குனாங்க?" அண்ணன் மனைவியை அவர்கள் மதினி என்கிறார்கள். விமானம் என்று திருத்தினேன். "எதுல வந்தாலும் நியாயம் ஒண்ணுதானே. கல்லு எடுத்தது அவங்க, நான் இல்லேங்கல. அருவியில இருந்து குழாய் போட்டது யாரு? அண்ணன் படுத்த படுக்கையா கெடந்தப்ப கொடிக்குக் கம்பு நட்டது யாரு? எனக்கு மூணு பிள்ளைங்க இருக்குங்க." உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "கம்பு நட்டாராம். பாதி கம்பு தலைகீழா நட்டாரு, கேளு!"

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம் கூடியது. தொழிற்சங்கத் தலைவர் செல்லமுத்து பேசினார். தோட்டத்தில் தலைவர் என்றால் அவர்தான். விஷயம் சுருக்கமானது. பதுளைக்கு நாம் எல்லோரும் போகிறோம், வெள்ளை உடுத்திப் போகிறோம், எல்லோருக்கும் காணி உறுதி கொடுங்கள் என்று கேட்கிறோம். யாராவது ஏதாவது தகராறு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறோம்.

அதற்கான ஏற்பாடு அங்கேயே நடந்தது. குழாய்த் தண்ணீருக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவரைக் கூப்பிட்டுக் கை கொடுக்க வைத்தார். ஒரு வாழைக் குலைக்காகப் பேச்சை விட்டிருந்த இரண்டு பெண்களை பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார வேண்டும் என்றார். "அவ பக்கத்துல உக்காந்தா எனக்கு வாந்தி வரும் தலைவரே" என்றாள் ஒருத்தி. "ஜன்னல் சீட்டு உனக்கு" என்று தீர்ப்புச் சொன்னார் அவர்.

நான் எழுந்தேன். வந்திருப்பது நீதிமன்றம் வேண்டுமா என்று கேட்கிற குழு, தகராறே இல்லை என்றால் இங்கே நீதிமன்றம் எதற்கு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்றேன். தோட்டங்களை விட்டுவிட்டுச் சட்டம் எழுதிவிடுவார்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் தலையாட்டவும் இல்லை.

தலைவர் பொறுமையாகச் சொன்னார். "நீங்க சொல்றது சரிங்கம்மா. நீங்க அடுத்த வாரம் போயிருவீங்க. நாங்க இங்கதானே இருக்கணும்?" கையை மேலே நீட்டினார். சரிவில் முதிர்ந்த தேயிலைக்கு நடுவே, சதுரமாக ஒரு பகுதி மட்டும் இளஞ்செடியாக நின்றது. "அது முன்னாடி தேயிலை இல்ல. ரெண்டு பேரோட போஞ்சித் தோட்டம். ஒரு முழம் எல்லைக்காக ஆபீசுக்குப் போனாங்க. மேனேஜர் தொரை ரெண்டு பேரையும் உக்கார வச்சு நல்லா கேட்டாரு. அடுத்த வாரம் ரெண்டையும் எடுத்துக்கிட்டுத் தேயிலைக் கன்னு வச்சுட்டாரு. சண்டை இல்லாத நிலம்தான் எங்க கையில நிக்கும்."

அறிக்கையின் ஓரத்தில் நான் போட்ட கேள்விக்குறிக்கு விடை கிடைத்துவிட்டது. வெட்டித் திருத்தியவருக்கே தோட்டம். அவர் இறந்தாலோ வேலையை விட்டாலோ, அந்தக் குடும்பத்தில் வேலையில் பெயர் உள்ளவருக்கு. தீர்ப்பு கோயிலில். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, வெளி ஆள் காதுக்குப் போகக் கூடாது. இது வழமைதான். அதன் கடைசி விதி, முதல் மூன்றையும் வெளியே யாரும் அறியாமல் பார்த்துக்கொள்கிறது. எழுதப்பட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். கமிட்டி தீர்ப்பால் தோட்டம் கொழுந்தனுக்குப் போகிறது. வாயைத் திறந்தால் தோட்டம் கம்பனிக்குப் போகும். இரண்டிலும் அவருக்கு இல்லை.

"சொன்னா பறிச்சிருவாங்கதானே?" என்றார்.

"பறிக்கலாம். எங்க கோர்ட்டா இருந்தா, கேஸ் முடியிற வரைக்கும் அந்த நிலத்தை யாரும் தொடக் கூடாதுன்னு முதல்ல ஒரு தடை வாங்கிருவோம்."

"இவங்க கொண்டுவர்ற சட்டத்துல அது இருக்கா?"

அறிக்கையை மறுபடியும் முழுவதும் புரட்டினேன். இல்லை. நீதிமன்றம் எப்படி அமையும், யார் நீதிபதி, எது சாட்சியம் என்றெல்லாம் இருந்தது. வழக்குப் போட்ட மறுநாள் நிலத்தைக் காப்பாற்றுவது பற்றி ஒன்றும் இல்லை. உறுதி வைத்திருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது.

"அப்ப அதைத்தான் முதல்ல கேக்கணும்" என்று அத்தை எழுந்து போய் உலையைப் பார்த்தார். அவர் பேச வேண்டியதை இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். நான் வாக்கியம் சொல்வேன், அவர் தன் வாய்க்கு ஏற்ப மாற்றிச் சொல்வார். "மேன்மை தாங்கிய" என்று நான் தொடங்கியதற்குச் சிரித்தார். "அது யாரு?"

அமர்வு நாளன்று இரண்டு பஸ் நிறையப் போனோம். வாழைக்குலைப் பெண்கள் ஒரே சீட்டில் எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பதுளை மண்டபத்தில் மின்விசிறி சத்தத்துக்குப் பயந்து அதை நிறுத்தியிருந்தார்கள், புழுங்கியது. மேடையில் ஐந்து பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி, சிங்களப் பெண்மணி. பக்கத்தில் ஓர் இளைஞர் தமிழில் மொழிபெயர்த்தார். நம் ஊரில் இப்படிப்பட்ட கூட்டங்களில் முதல் ஒரு மணி நேரம் சால்வை போர்த்துவதில் போகும். இங்கே நேராக முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

செல்லமுத்து தலைவர் நன்றாகப் பேசினார். தலைமுறை தலைமுறையாக உழைத்தோம், ஒரு துண்டு நிலம் எங்கள் பெயரில் இல்லை, உறுதி வேண்டும் என்றார். கைதட்டினோம். நீதிபதி கேட்டார். "உங்கள் தோட்டத்தில் ஒருவருக்கொருவர் காணித் தகராறு உண்டா? வந்தால் எங்கே போவீர்கள்?"

"எங்க தோட்டத்துல அப்படி ஒரு பிரச்சினையும் இல்லைங்க. நாங்க ஒத்துமையா இருக்கோம்."

"அப்படியானால் காணி நீதிமன்றம் உங்களுக்குத் தேவைப்படாது?"

"தேவையில்லைங்கம்மா. காணி குடுத்தா போதும்."

மேடையில் பேனாக்கள் ஓடின. அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கையை உயர்த்தி விடுவேனோ என்று என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நான் அந்த நாட்டுப் பிரஜை இல்லை. பேச எனக்கு உரிமை இல்லை.

அத்தை எழுந்தார். ஒலிவாங்கிக்குப் போகவில்லை, இருந்த இடத்திலிருந்தே பேசினார். குரல் மலைக்குப் பழகிய குரல், மண்டபம் அதற்குச் சின்னது.

"தலைவரு சொன்னது பாதி சரிங்க. ஒத்துமையாத்தான் இருக்கோம். சண்டையும் இருக்கு. எனக்கே இருக்கு. நான் கல்லு பொறுக்கித் திருத்துன தோட்டம். புருஷன் செத்ததும் எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க. அது எந்தத் தோட்டம், எந்த மலை, என் பேரு என்ன, ஒண்ணையும் நான் இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா ஆபீசு எடுத்துக்கும். அதுக்குப் பயந்துதான் இங்க எல்லாரும் வாயைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. கேசு முடியிற வரைக்கும் நிலத்தைப் பறிக்கக் கூடாதுன்னு உங்க சட்டத்துல முதல்ல எழுதுங்க. அப்புறமா வந்து பேரு சொல்றேன்."

மொழிபெயர்ப்பு முடியும்வரை அத்தை நின்றுகொண்டே இருந்தார். எங்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. தலைவர் நேராகச் சுவரைப் பார்த்தார். குழுவில் இன்னொருவர், கண்ணாடி போட்டவர், மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கிச் சொன்னார். "ஒருவர் மட்டும் தகராறு இருக்கிறது என்கிறார், தோட்டத் தலைவர் இல்லை என்கிறார். தகராறு என்றால் எதிர்த் தரப்பு ஒன்று இருக்க வேண்டுமே என்று ஐயா கேட்கிறார்."

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. உட்காரப் போனார்.

இரண்டு வரிசை பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுப்பையா எழுந்து நின்றார்.

"இருக்குங்க, நான் இருக்கேன்" என்றார். "சண்டை உண்மைதான். ஆனா நிலம் எனக்குத்தான்."

மண்டபம் முழுவதும் சிரித்தது. மொழிபெயர்த்தபின் மேடையும் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா, எவ்வளவு தைரியமா சொல்றான்" என்று பொதுவாக யாரிடமோ முறையிட்டார்.

நீதிபதி நிறைய எழுதினார். கடைசியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இப்படிச் சொன்னார். "நிலத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு எங்கள் வரைவில் இல்லை. அதைக் குறித்துக்கொண்டோம். ஆனால் ஒரே ஒரு தோட்டத்தில் நடக்கும் ஒரு சண்டையை வைத்து அரசியலமைப்பில் ஒரு வரி சேர்க்க முடியாது. அடுத்த அமர்வு அப்புத்தளையில். இப்படிச் சொல்கிறவர்கள் வேறு இருந்தால் அங்கே வரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் யாரும் எங்களோடு பேசவில்லை. ஏன் எழுந்தீர்கள் என்று சுப்பையாவிடம் கேட்டேன். "கோயில்ல ஜெயிச்சிட்டேன். கற்பூரம் அணைஞ்சா என்ன இருக்கு கையில? நாளைக்கு நான் செத்தா, என் பிள்ளைங்ககிட்ட வேற ஒருத்தன் வருவான். உறுதி குடுக்குற ஜட்ஜ் முன்னாடி ஜெயிக்கணும், வக்கீலம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மதினி அங்கன தனியா நின்னது வேற நல்லா இல்ல" என்றார்.

மறுநாளே ஆபீசிலிருந்து ஒருவர் லயத்துக்கு வந்தார். பதுளையில் தகராறு என்று சொன்னது யார், எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். நான் வாசலில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் வீட்டில் தெரியாது என்றார்கள். இரண்டாவது வீட்டில், நாங்கள் பதுளைக்கே போகவில்லை என்றார்கள். வாழைக்குலைப் பெண்களில் ஒருத்தி, "அவங்க பசறைப் பக்கத்து ஆளுங்க போலங்க" என்றாள். மற்றவள், "ஆமாங்க, பச்சைச் சேலை" என்று சேர்த்துக்கொண்டாள். கடைசியில் தலைவர் வந்தார். முந்தின நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாத மனிதர். போஞ்சிக் கொடிக்கு நேராக நின்றுகொண்டு, "எங்க தோட்டத்துல ஒரு பிரச்சினையும் இல்லைங்கய்யா" என்றார்.

வந்தவர் போய்விட்டார். தலைவர் எங்கள் வாசலைக் கடக்கும்போது நிற்காமலே சொன்னார். "இந்த ஒரு தடவைதான் சொல்ல முடியும், பார்வதி. அடுத்த தடவை நம்ப மாட்டாங்க." அத்தை உள்ளே போய் அவருக்குப் பிளேன்டீ எடுத்து வந்தபோது அவர் படிக்கட்டு இறங்கியிருந்தார்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கோயிலில் தீர்ப்பானாலும் தோட்டம் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. காலையில் அத்தை போஞ்சி பறிக்கிறார், மாலையில் சுப்பையா தண்ணீர் திருப்புகிறார். ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் அந்தப் பக்கம் போவதில்லை.

இதை அப்புத்தளையில் ஒரு கடை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விசாவை நீட்டித்துவிட்டேன். அப்பாவுக்குப் போனில் சொன்னபோது, "உன் அத்தை பிடிச்சா விட மாட்டா" என்று மட்டும் சொன்னார். நேற்று அத்தையும் சுப்பையாவும் நானும் இங்கே ஒரு தோட்டத்துக்குப் போனோம். பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில் வந்தார்கள். லயத்து வாசலில் நாலைந்து பேர் கூடினார்கள். காணித் தகராறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது. "இங்க ஒரு பிரச்சினையும் இல்லைங்கம்மா."

சுப்பையா வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். "நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்றார். "இவங்க என் மதினி. நாங்க ரெண்டு பேரும் சண்டைக்காரங்க. ஒண்ணாதான் வந்திருக்கோம்." நடந்ததை அத்தை சொன்னார். இடையிடையே சுப்பையா மறுத்தார். அத்தை அந்த மறுப்பை மறுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு கதவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், "கோழிக் கூட்டுக்குக் கீழ இருக்குற பாத்தி என்னுது" என்றாள்.

"யாருது?" என்று அடுத்த வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

இருவரையும் வெளியே வந்து உட்காரச் சொன்னேன்.